திருவாலங்காட்டு ஏரியில் தென் அமெரிக்கப் பறவையா?

சென்னை சென்ட்ரலில் அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஏறி அமர்ந்தால், திருவள்ளூர் தாண்டியபின் கூட்டம் குறைந்து காற்று வரத் தொடங்கும். கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர் என்று சிறு நிலையங்கள் வந்து போகும். அதற்கடுத்து வருவது திருவாலங்காடு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான்.

ஆலமரங்கள் அடர்ந்த காடாக இருந்ததால் ஆலங்காடு என்று பெயர் பெற்றதாகச் சொல்வார்கள். இந்துப் பெருமக்கள் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய இரத்தின சபை என்று போற்றும் கோயிலும், காரைக்கால் அம்மையாரின் வரலாறும் இவ்வூரை நாடறியச் செய்திருக்கின்றன. வரலாறு படித்தவர்களுக்கோ முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் நினைவுக்கு வரும். கல்லூரியில் வரலாற்றை ஒரு பாடமாகப் படித்த நாளில் தேர்வுக்காக அந்தப் பெயரை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஊரை நேரில் காண்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

அங்கே கரும்பு லாரிகளுக்குக் கணக்கெழுதும் பணியில் என் கல்லூரித் தோழர் ஒருவர் இருக்கிறார். மதரஸாவுக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு தை மாதத்தில் அவர் அழைப்பின் பேரில் இரண்டு நாள் தங்கினேன். வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்து ஓய்ந்திருந்தது. ஏரி நிரம்பி, விளிம்பில் மட்டும் நீர் சற்றே வடிந்து சேறு தெரிந்தது. கரையின் ஒருபுறம் நீர், மறுபுறம் நெல்லும் கரும்பும். மேற்கே வெகுதொலைவில் திருத்தணிப் பக்கத்துக் குன்றுகள் நீல நிறத்தில் தெரிந்தன.

தோழரின் தாயாரை வீட்டில் எல்லோரும் தாதிமா என்று அழைக்கிறார்கள். உருது பேசும் குடும்பம். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. “நான் ஆந்திரத்தில் பிறந்தேன், தமிழ்நாட்டில் வளர்ந்தேன். ஆனால் வீட்டை மட்டும் மாற்றவேயில்லை ஹஜ்ரத்” என்று தாதிமா சொல்லிச் சிரித்தார்.

நான் எழுத வந்தது ஊரைப் பற்றி மட்டுமன்று. அங்கே நான் சொன்ன ஒரு சொல்லைப் பற்றியும்தான்.

தோழரின் மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் படக் கலைக்களஞ்சியம் ஒன்றை உயிராகப் பேணுபவன். நான் வந்து தேநீர் அருந்தி முடிப்பதற்குள் அந்த நூலை என் மடியில் விரித்து வைத்தான். அதில் ஒரு பெரும்பறவையின் படம். உடல் முழுதும் தூய வெண்மை. தலையும் கழுத்தும் இறகே இல்லாத கன்னங்கரிய தோல். அலகும் கருமை, கால்களும் கருமை. கழுத்தின் அடியில் மட்டும் இரத்தச் சிவப்பாக ஒரு வளையம். படத்தின் கீழே ‘ஜபிரு, தென் அமெரிக்கா’ என்று அச்சிட்டிருந்தது.

“இது நம் ஏரிக்கு வந்திருக்கிறது ஹஜ்ரத். நானே பார்த்தேன். யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள்” என்றான்.

அஸர் தொழுதுவிட்டு மூவரும் ஏரிக்கரைக்குப் போனோம். செய்தி பரவியிருந்ததால் தேநீர்க்கடையில் இருந்த இளைஞர்கள் நான்கைந்து பேரும் பின்னாலேயே வந்தனர். கதிரவன் சாய்ந்து கொண்டிருந்தான். தொலைவில், சேற்றுத்திட்டின் மீது தன்னந்தனியாக ஒரு வெண்பறவை எங்களைப் பார்த்தபடி நின்றது. கருந்தலை, கருங்கழுத்து, கருங்கால். நாங்கள் பார்த்துக் கொண்டிருக்கையிலேயே அது இறக்கைகளை விரித்துச் சோம்பல் முறித்தது. இறக்கையின் அடியில் பளிச்சென்று சிவப்பு தெரிந்தது.

“பார்த்தீர்களா, சிவப்பு!” என்று பையன் துள்ளினான்.

எல்லோருடைய பார்வையும் என் மீது திரும்பியது. ஆங்கிலம் படித்தவர், பட்டதாரி, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர் என்று தோழர் என்னைப் பற்றி முன்பே அளந்து வைத்திருந்தார். நான் நூலைப் பார்த்தேன், பறவையைப் பார்த்தேன். “ஆம், அதேதான்” என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்று சொல்வதற்கு அந்தக் கணத்தில் எனக்கு நா எழவில்லை என்பதுதான் உண்மை.

பாங்கு நேரம் வந்தது. ஏரி நீரிலேயே உளூச் செய்து, துண்டை விரித்துக் கரையில் மகரிப் தொழுதோம். தொழுது முடித்துத் திரும்பும்போது இளைஞர்களில் ஒருவர் மற்றவரிடம் தாழ்ந்த குரலில் பேசியது காதில் விழுந்தது. வெளிநாட்டுப் பறவை என்றால் பட்டணத்தில் நல்ல விலைக்குப் போகும். விடிவதற்கு முன் மீன்வலையை வீசினால் பிடித்துவிடலாம். ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார் அல்லவா!

அன்றிரவு தாதிமா சுட்டுக் கொடுத்த ரொட்டி எனக்கு இறங்கவில்லை. பறவையின் மீது வலை விழுவதற்கு என் சொல் அத்தாட்சியாகிவிட்டதே என்ற உறுத்தல். பையனிடம் நூலைக் கேட்டு வாங்கி, முன்பு பார்க்கத் தவறிய சிறிய எழுத்துகளை விளக்கின் கீழ் வைத்துப் படித்தேன். தோழரின் கைப்பேசியிலும் துருவினோம். படத்தை மட்டும் பார்த்து எழுத்தைப் படிக்காத பிள்ளைகளை எத்தனை முறை கண்டித்திருப்பேன்!

ஜபிரு என்பது நாரை இனத்தைச் சேர்ந்தது. மெக்சிகோவின் தென்பகுதியிலிருந்து அர்ஜென்டினாவின் வடபகுதி வரை வாழ்கிறது. அந்தக் கண்டத்தில் பறக்கக்கூடிய பறவைகளில் அதுவே மிக உயரமானது. நிமிர்ந்து நின்றால் நாலரை அடி, அதாவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். இறக்கைகளை விரித்தால் எட்டடி. அலகு மட்டுமே ஓர் அடி நீளம். கனத்து, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். ஜபிரு என்ற சொல்லே அம்மண்ணின் பூர்வகுடி மொழியிலிருந்து வந்தது. வீங்கிய கழுத்து என்பது அதன் பொருள். பறவை சினங்கொள்ளும்போது கழுத்தடியின் சிவப்புத் தோல் புடைத்துக் கொள்ளும்.

அதன் பேரிடம் பிரேசில் நாட்டின் பந்தனால் என்னும் சதுப்பு வெளி. பராகுவே ஆறு ஆண்டுதோறும் பெருக்கெடுத்து நிரப்பும் நிலம். நமது தமிழ்நாடு முழுவதையும் அதற்குள் வைத்தாலும் மிச்சம் இருக்கும், அவ்வளவு பெரிது. அங்கே உயர்ந்த மரங்களின் உச்சியில் சுள்ளிகளை அடுக்கி, ஒரு மனிதர் படுக்கும் அளவுக்குக் கூடு கட்டி, அதே கூட்டுக்கு ஆண்டுதோறும் வரும். அவ்வட்டாரத்து மக்கள் அதனை ‘துயுயு’ என்று அழைத்துத் தம் மண்ணின் அடையாளமாகவே கொண்டாடுகிறார்கள்.

அப்படிப்பட்ட பறவை திருவாலங்காட்டுக்கு வர முடியுமா? நாரைகள் இறக்கையை அடிக்கடி அடித்துப் பறப்பவையல்ல. நிலம் சூடேறி மேலெழும் வெப்பக் காற்றில் ஏறி மிதந்து செல்பவை. அகன்ற கடலின் மீது அந்தக் காற்றேற்றம் கிடைக்காது. ஐரோப்பாவின் செங்கால் நாரைகள்கூட ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது நடுக்கடலைத் தவிர்த்து, ஜிப்ரால்டர், பாஸ்பரஸ் போன்ற ஒடுங்கிய நீரிணைகளைத் தேடிப் போய்த்தான் கடக்கின்றன. ஜிப்ரால்டர் என்பது நம் தாரிக் இப்னு ஸியாத் அவர்களின் பெயரைத் தாங்கிய மலைதானே! நிற்க. தென் அமெரிக்காவின் பெருநாரை ஒரு பெருங்கடலைத் தாண்டி நம் ஏரியில் வந்து இறங்குவது இயற்கையோடு ஒவ்வாத செய்தி என்பது இரவு பத்து மணிக்கு எனக்கு விளங்கிற்று. ஏரிக்கரையில் நின்றபோது விளங்கவில்லை.

அப்படியானால் நாங்கள் கண்டது எது? இந்தியாவிலும் ஜபிருவுக்கு ஏறத்தாழ ஒப்பான ஒரு பெருநாரை உண்டு. கரிய கழுத்தும் கரிய கனத்த அலகும் பவளச் சிவப்புக் கால்களும் உடையது. ஏறக்குறைய அதே உயரம். ஆஸ்திரேலியாவில் இதே இனத்தைப் பொதுமக்கள் ஜபிரு என்றே அழைக்கின்றனர். வடநாட்டில் இதன் பெயர் லோஹா சாரங். பீகாரில் பறவை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட மீர் ஷிகார் என்னும் முஸ்லிம் சமூகத்தாரிடம் ஒரு பழைய வழக்கம் இருந்ததாம். திருமணம் செய்ய விரும்பும் இளைஞன் லோஹா சாரங் ஒன்றை உயிரோடு பிடித்துக் காட்ட வேண்டும். அந்த முயற்சியில் ஓர் இளைஞன் உயிரிழந்த பிறகு, 1920களில் அது கைவிடப்பட்டது. அதே சமூகத்தின் கைத்திறனைப் பின்னாளில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்வதற்குப் பயன்படுத்திக் கொண்டது என்பதும் அறியத்தக்கது. ஆனால் நாங்கள் பார்த்த பறவையின் கால்கள் கருமை. இறக்கையின் நடுவே லோஹா சாரங்குக்கு உரிய கரிய பட்டையும் இல்லை. எனவே அதுவும் அன்று.

விடை தெரியாமலே படுத்தேன். சுப்ஹுத் தொழுததும் பையனை எழுப்பிக் கொண்டு கரைக்கு விரைந்தேன். இளைஞர்கள் இருவர் எங்களுக்கு முன்பே வலையோடு வந்து, வெளிச்சத்துக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார்கள். பனி விலகிற்று. அதே சேற்றுத்திட்டு. ஆனால் இப்போது பறவை தனியாக இல்லை. பத்தடி தள்ளி மஞ்சள் அலகும் இறக்கை ஓரத்தில் ரோஜா நிறமும் கொண்ட நாரைகள் மூன்று நின்றன. வேடந்தாங்கலில் யாவரும் பார்த்திருக்கக்கூடிய சங்குவளை நாரைகள். அவை மூன்றடிக்குச் சற்று மேல். நமது ‘ஜபிரு’ அவற்றின் பக்கத்தில், தாயின் அருகே நிற்கும் பிள்ளையைப் போல நின்றது! முந்தைய மாலையில் ஒப்பிட்டுப் பார்க்க அருகில் வேறொன்றும் இல்லாததால் இரண்டரை அடிப் பறவையை நாலரை அடியாகக் கண்டிருக்கிறோம்.

அடுத்து அது பக்கவாட்டில் திரும்பிற்று. நேருக்கு நேர் நின்றபோது தெரியாத அலகு இப்போது முழுமையாகத் தெரிந்தது. மேல்நோக்கி அல்ல, கதிர் அறுக்கும் அரிவாளைப் போலக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. அந்த அலகைச் சேற்றுக்குள் செருகித் துழாவித் துழாவி இரை தேடத் தொடங்கிற்று.

எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்கள் கூட்டத்தைக் கண்டு நின்றார். “என்ன பாய், காலையிலேயே அரிவாள் மூக்கனைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? மழை பெய்ஞ்ச வருஷமெல்லாம் வருமே” என்றார்.

அரிவாள் மூக்கன்! ஊரே அறிந்த பெயர். முந்தைய நாள் முழுதும் கலைக்களஞ்சியத்தைக் கேட்ட நாங்கள் எருமை மேய்ப்பவரைக் கேட்கவில்லை.

வெள்ளை அரிவாள் மூக்கன் நாரையே அல்ல, வேறு குடும்பம். வெண்ணுடல், இறகற்ற கருந்தலை, கருங்கால் என்பன ஜபிருவோடு தற்செயலாக ஒத்துப் போகின்றன. சிவப்பு? பையன் பொய் சொல்லவில்லை. இப்பறவையின் இறக்கையின் அடியில் இறகில்லாத தோல் உண்டு. அது இரத்தச் சிவப்பாக இருக்கும். இறக்கையை விரிக்கும்போது தெரியும். கண்டது உண்மை, கண்டதற்கு வைத்த பெயர்தான் பிழை. எகிப்தில் ஃபிர்அவ்ன்களின் காலத்து மக்கள் இலட்சக்கணக்கில் பதனிட்டுப் புதைத்த பறவையும் இதன் நெருங்கிய உறவே.

வலை கொண்டு வந்தவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “தம்பிகளே, நேற்று மாலை நான் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன். அது அமெரிக்காவிலிருந்து வந்ததன்று. நம் ஏரிப் பறவைதான். பட்டணத்தில் இதற்கு விலை கிடையாது. உள்நாட்டுப் பறவையானாலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பது குற்றம்.”

அவர்களுக்கு ஏமாற்றம். ஒருவர் விடவில்லை. “சரி ஹஜ்ரத், இதன் இறைச்சியாவது ஹலாலா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எகிப்தின் அறிஞர் தமீரி (ஹிஜ்ரி 808இல் மறைந்தவர்) ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளில் உயிரினங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயர், இயல்பு, அது பற்றிய நபிமொழிகள், பழமொழிகள் என்று சொல்லிக்கொண்டே வந்து உண்ணலாமா கூடாதா என்பதையும் எழுதுவார். எனவே இளைஞரின் கேள்வி நம் முன்னோருக்குப் புதிதன்று. நாரைக்கு அரபியில் லக்லக் என்று பெயர். குரல் இல்லாத அப்பறவை அலகுகளைத் தட்டி எழுப்பும் ஓசையே பெயராயிற்று. “நாட்டுச் சட்டம் கையை வைக்கவே கூடாது என்கிறது. சட்டிக்கு வராத இறைச்சிக்கு ஃபத்வா எதற்கு?” என்றேன். வலையைச் சுருட்டிக் கொண்டு இருவரும் தேநீர்க்கடைக்கு நடந்தார்கள். கடையில் இருந்தவர்களிடமும் நானே போய், என் பேச்சைத் திரும்பப் பெற்றேன். சொல்லும்போது காது மடல்கள் சுட்டன. ஒருவர் கேலியும் செய்தார். அது எனக்கு உரியதே.

பையன்தான் வாடிப் போனான். கரையில் அமர்ந்து அவனுக்கு இரண்டு செய்திகள் சொன்னேன். ஒன்று, நம் பாடத்தில் வருவது. சுலைமான் நபி (அலை) அவர்களிடம் ஹுத்ஹுத் பறவை, நம்மூரில் கொண்டலாத்தி என்கிறோமே அது, ஸபா நாட்டிலிருந்து செய்தி கொண்டு வந்தது. உறுதியான செய்தி என்று சொல்லியே கொண்டு வந்தது. பறவைகளின் பேச்சை அறிந்த அந்த நபியோ, நீ சொல்வது மெய்யா பொய்யா என்று பார்ப்போம் என்று கூறி, கடிதம் ஒன்றைக் கொடுத்தனுப்பிச் சோதித்தார்கள். அது மெய்யென்றே பிறகு தெரிந்தது.

மற்றது சாலிம் அலியின் கதை. 1896இல் பம்பாயில் பிறந்து, தாய் தந்தையரைச் சிறு வயதிலேயே இழந்து, மாமா அமீருத்தீன் தையப்ஜி வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் கறை. வீட்டுக் குருவிக்கு அப்படி இராதே! மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. தெரியாது என்பதை மறைக்காமல், இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டு துரையிடம் பையனை அனுப்பி வைத்தார். துரை இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். அந்தச் சிறுவன்தான் 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலை எழுதி, 1987இல் மறையும்வரை நாட்டுக்கே பறவைகளை அடையாளம் காட்டியவர். தன் வரலாற்று நூலுக்கும் அந்தக் குருவியின் நினைவாகவே பெயரிட்டார். அன்று மாமா எனக்கு வந்த வாயைப் போல ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தால்!

பையன் முகம் தெளிந்தது. எழுந்து இன்னும் நெருக்கமாகப் போய்ப் பார்க்கலாம் என்றான். வரப்பின் வழியே இருவரும் மெல்ல நடந்தோம். நெல்வயலின் ஓரத்தில் மேலும் நான்கு அரிவாள் மூக்கன்கள் தலை கவிழ்ந்து நத்தையும் புழுவும் பொறுக்கிக் கொண்டிருந்தன. உழவருக்குக் கூலி கேளாத வேலையாட்கள். வேடந்தாங்கல் ஊரார் இதனை முன்பே அறிந்தவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதைக் கண்டு காத்து வந்தார்கள். யாரும் சுடக்கூடாது என்று 1798 அளவிலேயே செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசிடம் எழுத்தாணை பெற்றார்கள். அங்கே இவையும் சங்குவளை நாரைகளும் ஒரே மரக்கூட்டத்தில் கூடு கட்டுகின்றன.

நாங்கள் நெருங்கியதும் ஐந்தும் எழுந்தன. கழுத்தை முன்னே நீட்டி, வரிசை கட்டி, கரும்புத் தோட்டத்துக்கு மேலே வடக்கு நோக்கிப் போயின. கூடவே கலைந்து எழுந்த பெரிய வெண்கொக்கு கழுத்தை மடித்து வைத்துக் கொண்டு பறந்தது. கொக்கு மடக்கும், நாரையும் அரிவாள் மூக்கனும் நீட்டும் என்ற வேறுபாட்டைப் பையன் தானே கண்டு சொன்னான். கலைக்களஞ்சியத்தில் ஜபிரு இருந்த பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்தும் வைத்தான்.

அன்று மாலை ரயிலில் திரும்பினேன். ஒரு மாதம் கழித்துத் தோழரிடமிருந்து மடல் வந்தது. அடியில் பையனும் நாலு வரி எழுதியிருந்தான். ஏரியில் இப்போது பதினேழு அரிவாள் மூக்கன்கள் இருக்கின்றனவாம். புதிதாக ஒன்று வந்திருக்கிறது. வெண்ணிறம், கருங்கால், அலகின் நுனி கரண்டிபோலத் தட்டையாக இருக்கிறது. எருமைக்காரத் தாத்தாவிடம் கேட்டுவிட்டேன், அவர் கரண்டிவாயன் என்கிறார், சரிதானா என்று நீங்கள் விசாரித்து எழுதுங்கள் ஹஜ்ரத் என்று முடித்திருந்தான்.